பெரிய கலை அருங்காட்சியகத்துக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருநகரம் ஒன்றுக்குப் போகிறவர்கள் அங்கே இருக்கும் கலை அருங்காட்சியகத்துக்கென்று ஒரு நாளை ஒதுக்குவது வழக்கம். திரும்பி வந்து "கால் வலிதான் மிச்சம்" என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அவ்வளவு தூரம் போய், அவ்வளவு அருமையான படங்களுக்குப் பக்கத்தில் நின்றும், எதையும் பார்க்காமல் வந்துவிட்டார்களே என்று. இப்படிப்பட்ட இடங்களைப் பல வருடங்களாகச் சுற்றியதில் தெரிந்துகொண்டதை, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது. முயலவும் வேண்டாம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருப்பவை மட்டுமே சுமார் 35,000. ஒவ்வொன்றின் முன்னும் அரை நிமிடம்தான் நிற்பேன் என்று முடிவெடுத்து, தினமும் எட்டு மணி நேரம் ஓயாமல் பார்த்தாலும் 36 நாட்களுக்கு மேல் பிடிக்கும்.

அதனால் போவதற்கு முந்தைய நாள் இரவே தளவரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டே இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம் போதும். அதற்குமேல் கண் திறந்திருக்கும், மனம் எதையும் வாங்காது. ஊரில் மூன்று நாள் தங்குகிறீர்கள், நுழைவும் இலவசம் என்றால், ஒரே நாளில் ஆறு மணி நேரம் இருப்பதைவிட மூன்று நாளும் தலா இரண்டு மணி நேரம் போய்வருவது எவ்வளவோ மேல்.

நிரந்தரத் தொகுப்பு, தற்காலிகக் கண்காட்சி என்கிறார்களே. எதை முதலில் பார்ப்பது?

நிரந்தரத் தொகுப்பு அருங்காட்சியகத்தின் சொந்தச் சொத்து. தற்காலிகக் கண்காட்சி (சிறப்புக் கண்காட்சி என்றும் சொல்வார்கள்) ஒரு ஓவியரையோ காலத்தையோ கருத்தையோ மையமாக வைத்து, பல ஊர்களிலிருந்து படங்களை இரவல் வாங்கிச் சில மாதங்களுக்கு மட்டும் ஒன்றுசேர்ப்பது. நான் எப்போதும் தற்காலிகக் கண்காட்சிக்குத்தான் முதலில் போவேன். காரணம் எளிது. நிரந்தரத் தொகுப்பு பெரும்பாலும் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். கண்காட்சியில் சேர்ந்த படங்கள் கலைந்துவிட்டால் நம் ஆயுளில் மறுபடி சேராமலே போகலாம்.

வின்சென்ட் வான்கோ தன் படுக்கையறையை மூன்று முறை வரைந்தார். ஒன்று ஆம்ஸ்டர்டாமில், ஒன்று சிகாகோவில், ஒன்று பாரிஸில் இருக்கிறது. 2016-இல் சிகாகோ கலை நிறுவனம் மூன்றையும் ஒரே கண்காட்சியில் வைத்தது. அதே கட்டில், அதே நாற்காலிகள், அதே ஜன்னல். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தரையின் நிறம் எப்படி மாறுகிறது, சுவரில் மாட்டிய சின்னப் படங்களில் இருக்கும் முகங்கள் எப்படி மாறுகின்றன என்பதெல்லாம் தெரியும். எவ்வளவு நல்ல அச்சுப் புத்தகமும் அந்த ஒப்பீட்டைத் தராது.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் 2023-இல் நடந்த, டச்சு ஓவியர் வெர்மீரின் கண்காட்சி இன்னொரு உதாரணம். இன்று அவருடையவை என்று சொல்லப்படும் ஓவியங்களே சுமார் 37தான். அதில் 28 ஒரே கூரையின் கீழ் வந்தன. திறந்த சில நாட்களிலேயே கண்காட்சிக் காலம் முழுவதற்குமான டிக்கெட் தீர்ந்துபோனது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை ஏன் மூன்று நான்கு மாதத்தில் முடித்துவிடுகிறார்கள்?

இரண்டு காரணங்கள். முதலாவது இரவல். கொடுத்தவர்களின் சுவர் அதுவரை காலியாக இருக்கிறது. ஒவ்வொரு படமும் அதற்கென்றே செய்த மரப்பெட்டியில் வருகிறது. பல நேரங்களில் கொடுத்த அருங்காட்சியகத்தின் ஊழியர் ஒருவரும் பெட்டியோடு கூடவே பயணம் செய்வார். வந்து சேர்ந்த பெட்டியை உடனே திறக்க மாட்டார்கள். புது இடத்தின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் மெல்லப் பழகட்டும் என்று பொதுவாக ஒரு நாள் மூடியே வைத்திருப்பார்கள். அப்புறம் பிரித்து, கிளம்பும்போது எழுதிய குறிப்போடு ஒவ்வொரு விரிசலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பயணமும் படத்துக்கு ஆபத்து என்பதால்தான் இத்தனை ஏற்பாடு. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் வான்கோவின் சூரியகாந்திப் படத்தை இனி எங்கும் அனுப்புவதில்லை என்று வான்கோ அருங்காட்சியகம் 2019-இல் முடிவெடுத்துவிட்டது.

இரண்டாவது காரணம் வெளிச்சம். பலருக்கு இது தெரிவதில்லை. காகிதத்தில் இருக்கும் நீர்வண்ணம், அச்சுப்படம், பழைய துணி இவற்றுக்கெல்லாம் வெளிச்சமே எதிரி. அது செய்யும் சேதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், திரும்பாது. அதனால்தான் காகிதப் படங்கள் இருக்கும் அறை மங்கலாக, சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் இருக்கும். எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு ஏறத்தாழ 200 லக்ஸ் வரை விடுவார்கள். நுழைந்ததும் "ஏன் இப்படி இருட்டா வைத்திருக்கிறார்கள்" என்று அலுத்துக்கொள்ளாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கண் பழகிவிடும், நிறங்கள் தாமாக மேலே வரும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை' அச்சுப்படத்தைச் சில மாதம் காட்டிவிட்டு நீண்ட காலம் இருட்டறையில் ஓய்வுக்கு வைப்பதும் இதனால்தான்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு எடின்பரோவில் இருக்கிறது. ஹென்றி வாகன் என்ற சேகரிப்பாளர் தன்னிடமிருந்த, ஆங்கில ஓவியர் டர்னரின் 38 நீர்வண்ண ஓவியங்களை ஸ்காட்லாந்தின் தேசியக் கலைக்கூடத்துக்கு உயில் எழுதி வைத்தார். 1900-இல் அவை அங்கே வந்து சேர்ந்தன. ஒரு நிபந்தனை வைத்தார்: ஜனவரி மாதத்தில் மட்டும்தான் காட்ட வேண்டும், கட்டணம் வாங்கக் கூடாது. வருடத்தில் வெளிச்சம் மிகக் குறைவான மாதங்களில் ஒன்று அது. அந்த ஓவியங்களின் நீலமும் மஞ்சளும் இன்றும் புதிதுபோல இருப்பதற்கு அந்த மனிதரின் முன்யோசனைதான் காரணம்.

போன முறை பார்த்த ஓவியம் இந்த முறை சுவரில் இல்லையே?

ஒன்று, வேறு ஊர்க் கண்காட்சிக்கு இரவல் போயிருக்கும். அல்லது பராமரிப்பில் இருக்கும். அல்லது ஓய்வில் இருக்கும். பெரிய அருங்காட்சியகங்கள் தங்களிடம் இருப்பதில் ஒரு சிறு பங்கைத்தான் ஒரு நேரத்தில் காட்ட முடியும். பிரிட்டிஷ் மியூசியத்திடம் சுமார் 80 லட்சம் பொருட்கள் இருக்கின்றன. காட்சியில் இருப்பது ஏறத்தாழ 80,000. நூற்றில் ஒன்று.

ஒரே ஒரு படத்துக்காகவே போகிறீர்கள் என்றால், கிளம்புமுன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அந்தப் படத்தின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்த அறையில் இருக்கிறது, இப்போது காட்சியில் இருக்கிறதா இல்லையா என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். இதைச் செய்யாமல் போய் வெறும் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை நிறையத் தெரியும்.

சில நேரம் பராமரிப்பே காட்சியாகிவிடும். ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த 'இரவுக் காவல்' ஓவியத்தின் ஆய்வை 2019-இல் ரைக்ஸ் மியூசியம் ஒரு கண்ணாடி அறைக்குள், மக்கள் கண்ணெதிரிலேயே தொடங்கியது. அந்தப் படத்துக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1715-இல் அதை நகர மண்டபத்துக்கு மாற்றியபோது, சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டுகள் கிடைக்கவே இல்லை.

எதுவுமே மாறாத அருங்காட்சியகமும் உண்டு. பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் தான் அடுக்கி வைத்தது அப்படியே இருக்க வேண்டும் என்று உயில் எழுதினார். 1990-இல் அங்கிருந்து 13 கலைப்பொருட்கள் களவுபோயின. படங்களை இழந்த சட்டங்கள் இன்றும் காலியாக அதே இடத்தில் தொங்குகின்றன.

டிக்கெட்டை முன்பே எடுக்க வேண்டுமா?

தற்காலிகக் கண்காட்சிக்குக் கட்டாயம். இப்போதெல்லாம் நேரம் குறித்த டிக்கெட்தான்: பத்தரை மணி என்றால் பத்தரையிலிருந்து அரை மணிக்குள் நுழைய வேண்டும். உள்ளே போனபின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். பொது நுழைவு டிக்கெட்டிலேயே சிறப்புக் கண்காட்சியும் அடங்குமா, தனியா என்பதைக் கவனித்து வாங்குங்கள். லண்டனின் தேசியக் கலைக்கூடத்தில் நிரந்தரத் தொகுப்புக்குக் கட்டணமே கிடையாது, பெரிய சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் உண்டு. பல இடங்களில் வாரத்தில் சில மணி நேரம் இலவசம். மாட்ரிட்டின் பிராடோவில் தினமும் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம். வரிசை நீளமாக இருக்கும், ஆனாலும் இரண்டு மணி நேரம் என்பது நான் மேலே சொன்ன அளவுதானே.

எந்த நாள், எந்த நேரம் போனால் கூட்டம் குறைவு?

முதலில் விடுமுறை நாளைப் பாருங்கள். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. லூவ்ருக்குச் செவ்வாய். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனுக்குப் புதன். ஒரே ஊரில் இரண்டு அருங்காட்சியகம் இருந்து ஒன்று மூடியிருந்தால், அந்தக் கூட்டமும் சேர்ந்து மற்றதுக்குத்தான் வரும்.

இரவு வரை திறந்திருக்கும் நாள் இருந்தால் அதுவே என் முதல் தேர்வு. சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிவிடும், பள்ளிப் பிள்ளைகள் வீடு போயிருப்பார்கள், மரத்தரையில் உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும். கண்காட்சி என்றால் முதல் இரண்டு வாரமும் கடைசி இரண்டு வாரமும் நெரிசல். நடுவில் ஒரு வாரநாளைப் பிடியுங்கள்.

இன்னொன்று: முதல் அறையில்தான் எப்போதும் கூட்டம் தேங்கும். எல்லாரும் வாசலில் இருக்கும் நீண்ட அறிமுகப் பலகையைப் படித்துக்கொண்டு நிற்பார்கள். நேராகக் கடைசி அறைக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஓவியரின் முதுமையிலிருந்து இளமைக்கு நடப்பதுபோல ஆகிவிடும். அதுவும் ஒரு நல்ல பார்வைதான்.

பையை ஏன் வாங்கி வைக்கிறார்கள்?

நாம் திருடுவோம் என்று அல்ல, இடித்துவிடுவோம் என்றுதான். 2006-இல் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ஒருவர் படியில் தடுக்கி விழுந்து மூன்று சீனப் பூச்சாடிகளை உடைத்தார். 2010-இல் மெட்ரோபாலிட்டனில் ஒரு பெண் தவறி விழுந்து பிக்காசோவின் 'நடிகர்' ஓவியத்தில் சுமார் 15 சென்டிமீட்டர் கிழிசல் விழுந்தது. 2015-இல் தைபேயில் பன்னிரண்டு வயதுப் பையன் தடுமாறிக் கையை ஊன்ற, அது 17-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றைத் துளைத்துவிட்டது. மூவருமே வேண்டுமென்று செய்தவர்கள் இல்லை. முதுகில் பெரிய பை இருந்தால் திரும்பும்போது அது எங்கே போகிறது என்று நமக்கே தெரியாது. லாக்கரில் வைத்துவிட்டுக் கையை வீசி நடப்பது உங்களுக்கும் சுகம். மெல்லிய சால்வையையோ ஸ்வெட்டரையோ மட்டும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். படங்களுக்காக அறைகளைக் குளிர்ச்சியாகவே வைத்திருப்பார்கள்.

புகைப்படம் எடுக்கலாமா?

பெரும்பாலும் நிரந்தரத் தொகுப்பில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். இரவல் படங்களுக்குக் கொடுத்தவரின் அனுமதி வேண்டும் என்பதால் சிறப்புக் கண்காட்சியில் சில படங்களுக்குத் தடை இருக்கும். லேபிளில் கோடு போட்ட கேமரா படம் இருக்கிறதா என்று பாருங்கள். பிராடோவில் அறைகளுக்குள் படமே எடுக்கக் கூடாது. அங்கே கூட்டத்தின் கண்கள் எல்லாம் படத்தின் மேலேயே இருப்பது தனி அனுபவம்.

என் வழக்கம் இது: முதலில் கண்ணால் பார்த்து முடித்துவிடுவேன். கிளம்பும்போது படத்தை ஒன்று, லேபிளை ஒன்று எடுத்துக்கொள்வேன். லேபிள் இல்லாத புகைப்படம் ஒரு மாதத்தில் ஊர்பேர் தெரியாத படமாகிவிடும்.

கலையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒரு ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாப் பதிலும். தெரியாதது ஒரு குறையே இல்லை. நிற்காததுதான் குறை. மெட்ரோபாலிட்டனில் நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வையாளர்கள் ஒரு ஓவியத்தின் முன் சராசரியாக 27 விநாடிகள் நின்றார்கள் என்று தெரிந்தது. அதில் லேபிளைப் படிக்கும் நேரமும் சேர்த்தி.

லேபிளைப் படிக்காமல் தொடங்குங்கள். அறையின் நடுவில் நின்று எந்தப் படம் உங்களை இழுக்கிறது என்று பாருங்கள். புகழ்பெற்றதாக இருக்க வேண்டியதில்லை. அதன் முன்னால் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் "பார்த்தாகிவிட்டது" என்று மனம் சொல்லும். அதைக் கேட்காதீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? யார் யாரைப் பார்க்கிறார்கள்? கைகள் என்ன செய்கின்றன? எந்த நிறம் திரும்பத் திரும்ப வருகிறது? இப்படி நீங்களே உங்களைக் கேட்டுக்கொண்டே போங்கள்.

லண்டனின் தேசியக் கலைக்கூடத்தில் யான் வான் ஐக் 1434-இல் வரைந்த 'அர்னோல்ஃபினி' ஓவியம் இருக்கிறது. உயரம் 82 சென்டிமீட்டர்தான். ஓர் அறையில் ஓர் ஆணும் பெண்ணும், காலடியில் ஒரு நாய்க்குட்டி. கடந்து போகிறவர்களுக்கு அவ்வளவே. நின்றால் மேலே கொத்துவிளக்கில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிவது தெரியும், பட்டப்பகலில். ஜன்னல் ஓரத்தில் ஆரஞ்சுப் பழங்கள். நாயின் ரோமம் ஒவ்வொன்றாகத் தீட்டப்பட்டிருக்கும். பின்சுவரில் குமிழ்போலப் புடைத்த ஒரு கண்ணாடி. அதன் சட்டத்தைச் சுற்றி நகத்தளவு வட்டங்கள் பத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஏசுவின் பாடுகளில் ஒரு காட்சி. கண்ணாடிக்குள் பார்த்தால் தம்பதியின் முதுகு தெரிகிறது. அவர்களுக்கு எதிரே, நாம் நிற்கும் திசையில், வாசலில் இரண்டு பேர். கண்ணாடிக்கு மேலே சுவரில் அழகான எழுத்தில்: யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434. இதைக் கண்டுபிடித்த நொடியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏறத்தாழ அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஓர் அறையின் வாசலில் நானும் நிற்கிறேன்!

எங்கே நிற்கிறோம் என்பதும் முக்கியம். அதே கலைக்கூடத்தில் ஹோல்பைன் 1533-இல் வரைந்த 'தூதர்கள்' இருக்கிறது. இரண்டு செல்வந்தர்கள், நடுவில் உலக உருண்டை, கருவிகள், ஒரு நரம்பு அறுந்த லூட் வாத்தியம். அவர்கள் காலடியில் சாய்வாக ஏதோ வெளிறிய கறைபோல ஒன்று. நேரே நின்றால் என்னவென்றே புரியாது. படத்தின் வலப்பக்கம் சுவரை ஒட்டிப் போய்ச் சாய்ந்து பார்த்தால் அது மண்டையோடாகத் திரண்டு எழும். அப்போது அந்த இரண்டு மனிதர்களும் உருக்குலைந்துபோவார்கள்.

சிற்பம் என்றால் ஒரு சுற்றாவது வாருங்கள். சோழர் காலச் செப்புப் படிமங்களின் பின்புறத்தைப் பார்க்காமல் போகவே கூடாது. தலைக்குப் பின்னால் இருக்கும் சக்கரம், தோளில் புரளும் சடைச்சுருள்கள், இடுப்பின் வளைவு எல்லாவற்றையும் அந்தச் சிற்பி முன்பக்கத்துக்குச் செய்த அதே கவனத்தோடு செய்திருப்பார்.

லேபிளில் என்னென்னவோ எழுதியிருக்கிறதே?

ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, எதனால் எதன்மேல் வரைந்தது, எப்படி வந்து சேர்ந்தது, பதிவு எண். பதிவு எண் பல இடங்களில் பொருள் வந்து சேர்ந்த ஆண்டில் தொடங்கும். ஓவியர் பெயரைக் கவனமாகப் படியுங்கள். "ரெம்பிராண்ட்" என்றால் அவர் கை. "ரெம்பிராண்டினுடையதாகக் கருதப்படுவது" என்றால் உறுதி இல்லை. "ரெம்பிராண்டின் பட்டறை" என்றால் சீடர்கள் வரைந்தது. "ரெம்பிராண்டைப் பின்பற்றி" என்றால் நகல்.

எப்படி வந்தது என்ற வரியையும் விடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து ஒரு நடராஜரை வாங்கியது. அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோனது என்று தெரியவந்து, 2014-இல் இந்தியாவிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. முன்பு யார் யாரிடம் இருந்தது என்ற விவரம் முழுமையாக இல்லாவிட்டால், இது எங்கிருந்து வந்தது என்று கேட்பது பார்வையாளரின் உரிமை.

ஆடியோ கைடு தேவையா?

கண்காட்சியில் உதவும். ஒவ்வொரு எண்ணுக்கும் கேட்காதீர்கள். பார்த்து முடித்தபின் காதில் போடுங்கள்.

மோனாலிசாவைப் பார்க்காமல் வரலாமா?

பாருங்கள். ஆனால் 77-க்கு 53 சென்டிமீட்டர் படம், கண்ணாடிக்குப் பின்னால், நிறையத் தலைகளுக்கு அப்பால் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். பார்த்ததும் அப்படியே திரும்பி நில்லுங்கள். எதிர்ச்சுவர் முழுக்க வெரோனீஸ் 1563-இல் முடித்த 'கானாவூர்த் திருமணம்': ஏறத்தாழ பத்து மீட்டர் அகலம், லூவ்ரிலேயே மிகப் பெரிய ஓவியம். அறையில் இருக்கும் அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். மேசைக்கு நடுவே வாத்தியம் வாசிப்பவர்கள், இறைச்சி வெட்டுபவர், வலப்பக்கம் ஜாடியைச் சாய்த்துத் திராட்சை ரசம் ஊற்றுபவர் என்று ஒரு ஊரே இருக்கிறது. முன்னால் போய் நிற்க இடமும் தாராளமாக இருக்கும்.

நவீன ஓவியம் எனக்குப் புரியவில்லை. தாண்டிப் போய்விடலாமா?

"இது எதைக் குறிக்கிறது" என்ற கேள்வியை ஓர் அறைக்கு மட்டும் தள்ளி வையுங்கள். மார்க் ராத்கோவின் பெரிய வண்ணப் பரப்புகளைத் தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டு மூன்று பட்டைகள்தான். அவர் பார்வையாளர் மிக அருகில் நிற்க வேண்டும் என்று விரும்பினார். காவலர் அனுமதிக்கும் கோடு வரை போய் நில்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய மெல்லிய படலங்கள் தெரியும், ஓரங்கள் மூச்சு விடுவதுபோல நகரும். அப்படியும் பிடிக்கவில்லையா? சரி, அடுத்த அறை.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஒரு மணி நேரம், ஐந்து படம், அதற்குமேல் வேண்டாம். அவர்களைத் தேட விடுங்கள்: "இந்த அறையில் எத்தனை நாய் இருக்கிறது?" என்று கேட்டால் பெரியவர்களுக்குக் கண்ணில் படாததெல்லாம் அவர்களுக்குப் படும். முதலிலேயே அருங்காட்சியகக் கடைக்குப் போய் ஆளுக்கு ஒரு அஞ்சலட்டை வாங்கிக் கொடுத்து, அதில் இருக்கும் ஓவியத்தை உள்ளே கண்டுபிடிக்கச் சொல்வது ஒருபோதும் தோற்றதில்லை. தொடக் கூடாது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள், ஏன் என்பதையும் சேர்த்து: நம் விரலில் இருக்கும் எண்ணெயும் உப்பும் படத்தைத் தின்றுவிடும் என்றால் குழந்தைகளுக்கு நன்றாகவே புரிகிறது.

நடக்க முடியாதவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள்?

பெரிய அருங்காட்சியகங்களில் சக்கர நாற்காலியைக் கேட்டாலே பெரும்பாலும் தருவார்கள், மின்தூக்கி எங்கே என்பதையும் வரைபடத்தில் குறித்திருப்பார்கள். பார்வையற்றோருக்கெனத் தொட்டு உணரும் சுற்றுகள் சில இடங்களில் உண்டு. பிராடோ 2015-இல் ஆறு ஓவியங்களை மேடுபள்ளமான பிரதிகளாகச் செய்து, விரல்களால் பார்க்க வைத்தது. முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

உள்ளே உட்கார்ந்து வரையலாமா?

பென்சில் என்றால் பல இடங்களில் விடுவார்கள். பேனா, மை, வண்ணம் கூடாது. லூவ்ரில் அனுமதி பெற்று எண்ணெய் வண்ணத்திலேயே நகல் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நகல் அசலின் அளவில் இருக்கக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வரையத் தெரியாதவர்களும் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரு கையை, ஒரு மடிப்பை வரைய முயன்றாலே கண் பத்து மடங்கு கூர்மையாகிவிடும்.

ஒரு மணி நேரத்திலேயே களைத்துவிடுகிறதே, எனக்கு மட்டும்தானா?

எல்லாருக்கும்தான். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலராக இருந்த பெஞ்சமின் கில்மன், 1916-லேயே 'அருங்காட்சியகக் களைப்பு' என்று தலைப்பிட்டு எழுதினார். பொருட்களையும் லேபிள்களையும் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாகவே எடுத்துக் காட்டினார். நின்று நின்று நடப்பது தொடர்ந்து நடப்பதைவிட அதிகம் வலிக்கும். பழகிய செருப்பு அல்லது ஷூ போடுங்கள், பெஞ்சைக் கண்டால் உட்காருங்கள். பெஞ்சுகளை நல்ல படங்களுக்கு எதிரில்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

அறைக் காவலர்களிடம் பேசலாமா?

கட்டாயம் பேசுங்கள். அந்தப் படங்களோடு தினமும் முழு நாளும் இருப்பவர்கள் அவர்கள்தான். ஒரு காவலரிடம் உங்களுக்குப் பிடித்த படம் எது என்று கேட்டேன். எல்லாரும் மொய்த்துக்கொண்டிருந்த படத்தை விட்டுவிட்டு, மூலையில் இருந்த ஒரு சின்ன நிலக்காட்சிக்கு அழைத்துப் போனார். "மதியம் மூணு மணிக்கு மேற்கூரை வெளிச்சம் இதுமேல விழும், அப்ப வாங்க" என்றார். போனேன். அதுவரை வெறும் சாம்பலாகத் தெரிந்த வானத்தில் ஒரு மெல்லிய இளஞ்சிவப்புக் கீற்று இருந்தது. அவரும் என் பக்கத்தில் வந்து பேசாமல் நின்றுகொண்டார்.

நேரில் போக முடியாதவர்கள் என்ன செய்வது?

ரைக்ஸ் மியூசியம், மெட்ரோபாலிட்டன், சிகாகோ கலை நிறுவனம் எல்லாம் சேர்ந்து லட்சக்கணக்கான படங்களை இலவசமாகத் தருகின்றன. 2017-இல் மெட்ரோபாலிட்டன் 3,75,000 படங்களை யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 'இரவுக் காவல்' ஓவியத்தை 717 கிகாபிக்சல் (71,700 கோடி புள்ளிகள்) அளவில் படமெடுத்து 2022-இல் வெளியிட்டார்கள். நேரில் அவ்வளவு நெருங்க யாரையும் விடமாட்டார்கள். ஒரு வீரரின் கண்மணியில் ரெம்பிராண்ட் வைத்த ஒற்றைத் தூரிகைப் பொட்டு வரை போகலாம்.

கண்காட்சிப் புத்தகத்தை வாங்கலாமா?

விலையும் கனமும் அதிகம். பார்த்து முடித்தபின் முடிவு செய்யுங்கள். கடையில் புத்தகத்தை விரித்து, உங்களுக்குப் பிடித்த படத்தின் அச்சு எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். கண்ணில் இருக்கும் நிறத்துக்கும் அச்சுக்கும் தூரம் அதிகமென்றால் அஞ்சலட்டையே போதும். கட்டுரைகள் நன்றாக இருந்தால் வாங்குங்கள். சேர்ந்த படங்கள் கலைந்தபின் அவை ஒன்றாக இருந்ததற்கு அந்தப் புத்தகம்தான் சாட்சி.

எல்லாம் பார்த்தாயிற்று, மூடுவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. புது அறை ஒன்றைப் பார்த்துவிடட்டுமா?

வேண்டாம். அன்று உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு படத்திடம் திரும்பிப் போங்கள். மூடுவதற்குச் சுமார் கால் மணி நேரம் முன்பே காவலர்கள் அறைகளைக் காலி செய்யத் தொடங்குவார்கள். கூட்டம் வாசல் பக்கம் நகர்ந்துவிடும். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் நீங்களும் படமும் மட்டும் இருக்கலாம்.